மணலில் பாயும் வண்டிகள்: ஊரும் காவல் நிலையமும் சேர்ந்து தடுப்பது எப்படி

கடற்கரை மணலையும் மணல்மேட்டையும் பந்தயத் திடலாக்கும் வண்டிகளை நிறுத்த நினைக்கும் ஊராருக்கான அத்தியாயம் இது. உயரம் கூட்டிய ஜீப், நம்பர் பிளேட் இல்லாத ஏடிவி எனும் நாற்சக்கர மணல் வண்டி, சைலன்சரை மாற்றிய பைக் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

மணப்பாட்டை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். திருச்செந்தூருக்குத் தெற்கே, உடன்குடி ஒன்றியத்தில் இருக்கும் ஊர். கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்று, அதன்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், குன்றின் அடியில் சவேரியார் தங்கிய குகை. கருமேனியாறு கடலைச் சேரும் கழிமுகமும், வள்ளமும் ஃபைபர் படகும் ஏற்றி வைக்கும் கரையும் அருகருகே. வலை காயப்போடுபவர், திருப்பயணி, அலைச்சறுக்குப் பழகுபவர், குளிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே மணல்தான். வேகம் தேடி வருபவனின் கண்ணுக்கு மட்டும் அது காலி இடமாகத் தெரிகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைத் துரத்திப் பிடிப்பது உங்கள் வேலை அல்ல. மணலில் வண்டி இறங்கும் வழியை அடைப்பது ஒன்று, காவல் நிலையத்தில் எண், நேரம், இடத்தோடு எழுத்துப் புகார் இருக்கும்படி பார்த்துக்கொள்வது இன்னொன்று. இந்த இரண்டும்தான் உங்கள் வேலை. துரத்தலில் ஊர்க்காரர் அடிபட்டால் வண்டிக்காரன் மறைந்துவிடுவான், ஊர்க்காரர் ஆஸ்பத்திரியில் கிடப்பார். அடுத்த ஞாயிறு வேறொரு வண்டி வரும்.

## எது தொழில், எது குற்றம்

இந்தக் கோட்டை முதலில் ஊருக்குள் போட்டுக்கொள்ளுங்கள். படகை மேலே இழுக்கும் டிராக்டர், மீன் ஏற்ற வரும் குட்டியானை, ஐஸ் வண்டி, ஆம்புலன்ஸ் இவையெல்லாம் தொழிலுக்கும் உயிருக்கும் வேண்டியவை. ‘மணலில் எந்த வண்டியும் கூடாது’ என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் முதலில் மாட்டுவது மீனவர் வண்டிதான். அதோடு ஊர் இரண்டாகும். எந்த வண்டி, எந்த வழியாக, எதற்காக இறங்கலாம் என்று பட்டியல் போட்டு, மற்றவற்றுக்குத் தடை கேளுங்கள்.

‘இது ரோடு இல்லையே, போலீஸ் என்ன செய்ய முடியும்?’ என்பது வண்டிக்காரர்கள் எப்போதும் சொல்லும் வாதம். மோட்டார் வாகனச் சட்டம் 1988 அதை ஏற்கவில்லை. அச்சட்டத்தின் 2(34)ஆம் பிரிவு, பொதுமக்கள் செல்ல உரிமை உள்ள எந்த இடத்தையும் பொது இடம் என்கிறது. அது பாதையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஊரார் நடக்கும் கடற்கரை அதற்குள் வரும் என்று மனுவில் எழுதுங்கள்.

புகாரில் எந்தப் பிரிவு என்று எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அது காவல்துறையின் பொறுப்பு. ஆனாலும் எதைக் கவனித்துக் குறிக்க வேண்டும் என்று புரிவதற்காக, அதிகம் பயன்படுபவை இங்கே:

1. ஆளுக்கு ஆபத்தாக ஓட்டுவது: மோட்டார் வாகனச் சட்டம் 184. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.
2. பந்தயம், வேகப் போட்டி: 189. முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஓராண்டு, 10,000 ரூபாய் வரை போகும்.
3. அனுமதியின்றி வண்டியின் உடலை, சைலன்சரை, சக்கரத்தை மாற்றியது: 182ஏ. உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.
4. பதிவே இல்லாத வண்டி, உரிமமே இல்லாத ஓட்டுநர்: 207ஆம் பிரிவின்கீழ் வண்டியை அங்கேயே பிடித்து வைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. நம்பர் இல்லாத ஏடிவிக்கு இதுதான் நேரான வழி.
5. காயும் வலையின் மேல் ஏற்றிக் கிழித்தது: பாரதிய நியாய சன்ஹிதா 324, சொத்துக்குச் சேதம். நஷ்டம் 20,000 ரூபாயைத் தாண்டினால் தண்டனை இரண்டாண்டு வரை, ஒரு லட்சத்தைத் தொட்டால் ஐந்தாண்டு வரை கூடும். ஆகவே கிழிந்த வலையைத் தைப்பதற்கு முன் படம் எடுங்கள், வலைக்கடைக்காரரிடம் மதிப்பு எழுதி வாங்குங்கள்.

மணல்மேட்டுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. 2019 ஜனவரி 18இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளையும் ஆமை முட்டையிடும் இடங்களையும் மிகக் கடுமையான வகையில் வைத்திருக்கிறது. உயிரோடு இருக்கும் மணல்மேட்டை மாற்றி அமைப்பதற்குத் தடை விதிக்கிறது. வெறுமனே ஓட்டிப் போவது ‘மாற்றி அமைப்பது’ ஆகுமா என்று வக்கீல் வாதிடலாம். தடம் போடுவதற்காக மேட்டை வெட்டினாலோ நிரவினாலோ அந்த வாதத்துக்கு இடமே இல்லை. இராவணன் மீசைப் புல்லும் அடம்பங்கொடியும் பிடித்து வைத்திருக்கும் மணல்தான் காற்றுக்கும் அலைக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கிறது. சக்கரம் அந்தப் புல்லையும் கொடியையும் அறுத்தால் மணல் நகரத் தொடங்கும். பிறகு அது வீட்டு வாசலுக்கு வரும்.

மற்ற இடங்களில் எப்படி என்பதையும் பாருங்கள். கேரளத்தில் கண்ணூர் அருகே முழப்பிலங்காடு கடற்கரையில் வண்டி ஓட்ட அனுமதி உண்டு. அங்கே மணல் இறுகிக் கிடக்கிறது, ஏற்பாடும் இருக்கிறது. ‘அங்கே விடறாங்களே’ என்று யாராவது சொன்னால் பதில் இதுதான்: அனுமதித்த இடம் என்று ஒன்று இருப்பதாலேயே மற்ற இடங்கள் அனுமதிக்காத இடங்கள். கோவாவோ சுற்றுலாத் தலங்களைக் காக்க 2001இலேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம்.

## முதல் படி: வரைபடமும் நோட்டும்

ஒரு பெரிய காகிதத்தில் ஊர்க் கரையை வரையுங்கள். படகுத் துறை, ஆலயக் குன்று, குகைக்குப் போகும் வழி, கழிமுகம், பிள்ளைகள் குளிக்கும் இடம், வலை காயும் இடம். பிறகு வண்டி ரோட்டிலிருந்து மணலுக்கு இறங்கும் இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். எத்தனை கிலோமீட்டர் கரை இருந்தாலும் வண்டி இறங்கக்கூடிய வாய்கள் சிலவே. மற்ற இடத்தில் சுவரோ, கல்லோ, முள்ளோ, வீடோ தடுக்கும். அந்தச் சில வாய்களைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது நோட்டு. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஒவ்வொரு முறையும் ஐந்து விவரம்:

1. தேதி, கிழமை, நேரம்
2. இறங்கிய வாய், ஓடிய இடம்
3. பதிவெண், வண்டியின் நிறம், வகை
4. என்ன செய்தது: எவ்வளவு நேரம், யாருக்கு அருகில், என்ன சேதம்
5. பார்த்தவர் பெயர், கையெழுத்து

பதிவெண்ணில் டிஎன் 92 என்றால் திருச்செந்தூர், டிஎன் 69 என்றால் தூத்துக்குடி, டிஎன் 96 என்றால் கோவில்பட்டி. எண் முழுதாகத் தெரியாவிட்டால் தெரிந்த அளவு எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஒரு எழுத்து தவறினாலும் சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும்.

குறிப்பு: எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் வண்டி வகையும் காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். எழுதிய எண்ணும் பார்த்த வண்டியும் பொருந்துகிறதா என்று சரிபார்க்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். உரிமையாளர் வீட்டைத் தேடிப் போக அல்ல.

நான்கு வார இறுதிகள் இப்படி எழுதினாலே எந்தக் கிழமை, எந்த மணி, எந்த வாய் என்பது தெளிவாகும். ரோந்து வண்டியை எப்போது எங்கே நிறுத்தலாம் என்று காவல் நிலையம் தீர்மானிக்க அதுவே போதும். ‘எப்போதும் வர்றாங்க சார்’ என்ற புகாரைவிட ‘ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை, கழிமுகம் பக்கத்து வாய்’ என்ற புகாருக்கு மதிப்பு அதிகம்.

## இரண்டாம் படி: படமும் வீடியோவும்

2022 அக்டோபரில் இலங்கையின் யால தேசியப் பூங்காவுக்குள் ஒரு கூட்டம் ஜீப்புகளைத் தாறுமாறாக ஓட்டியது. அந்தக் காட்சிகள் சமூக வலைத்தளங்களில் பரவின, நாடே கொதித்தது, கைதுகள் நடந்தன. சாகசம் செய்கிறவர்கள் அதைப் படம் பிடித்துப் போடவும் விரும்புகிறார்கள். ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடினாலே சில வீடியோக்கள் கிடைக்கலாம். கண்டதும் முகவரியைக் குறித்துக்கொண்டு, திரையைப் பதிவு செய்து, தேதியோடு சேமியுங்கள். அவர்கள் அழித்துவிட்டாலும் உங்களிடம் இருக்கும்.

நீங்களே எடுக்கும்போது:

1. பின்னால் ஆலயமோ படகோ தெரியும்படி, இடம் அடையாளம் புரியும்படி எடுங்கள்.
2. நம்பர் பிளேட் ஒரு நொடியாவது தெளிவாக வரட்டும்.
3. வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள்.
4. எடுத்த போனிலேயே மூலக் கோப்பை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி, எடுத்த நேரம் இடம் போன்ற விவரங்கள் போய்விடும். பென்டிரைவில் நகல் எடுத்துக் கொடுங்கள்.
5. வழக்கு நீதிமன்றம் போனால் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். எடுத்தவர் யார், எந்தப் போன் என்பதை நோட்டில் அன்றே எழுதி வைத்தால் அப்போது திணற வேண்டியதில்லை.

தவிர்க்க வேண்டிய பெரும்பிழை: புகார் கொடுக்கும் முன்பே வீடியோவை ஊர் குரூப்பிலும் முகநூலிலும் போடுவது. வண்டிக்காரன் எச்சரிக்கையாகிவிடுவான், வண்டி ஒளிந்துகொள்ளும். ஓட்டியது பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம். சட்டத்தோடு முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதே சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். நியாயம் கேட்கப் போனவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும்.

## மூன்றாம் படி: வண்டி கண்முன் ஓடும்போது

பாதுகாப்புக்கு முதலிடம். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. பிள்ளைகளையும் குளிப்பவர்களையும் முதலில் மேட்டுப் பக்கம் ஒதுக்குங்கள். வீடியோ பிறகு. படகுக்குப் பின்னால் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். வண்டிக்காரனுக்கு அங்கே ஆள் இருப்பது தெரியாது.
2. 112 அல்லது 100க்குப் போன் செய்யுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. ‘காவல் உதவி’ செயலி இருந்தால் அதிலும் அழைக்கலாம். மணப்பாடு குலசேகரன்பட்டினம் காவல் நிலைய எல்லையில் வரும். நிலைய எண்ணை எல்லோர் போனிலும் ஏற்றி வையுங்கள்.
3. போனில் சுருக்கமாகப் பேசுங்கள்: “சார், மணப்பாட்டுல இருந்து பேசறேன். கழிமுகத்துப் பக்கம் மணல்ல ரெண்டு ஜீப்பு வேகமா ஓட்டுறாங்க. பக்கத்துல பிள்ளைங்க குளிக்குது. ஒரு வண்டி நம்பர் சொல்றேன், எழுதிக்கிடுங்க.” கோபத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.
4. ஒருவர் போனில் பேசட்டும், ஒருவர் படம் எடுக்கட்டும், ஒருவர் வெளியேறும் வாய்க்கு அருகே ஒதுங்கி நின்று எண்ணைக் குறிக்கட்டும். மணலில் தெரியாத எண் ரோட்டில் ஏறும்போது தெரியும்.
5. வண்டி நின்றிருந்து, ஓட்டுபவர் நிதானத்தில் இருந்தால் மட்டும் பெரியவர் ஒருவர் பேசலாம்: “தம்பி, கீழ பிள்ளைங்க குளிக்குது, வலை கிடக்கு. வண்டிய ரோட்டுக்கு எடுத்துருங்க.” ஒருமுறை சொன்னால் போதும். எதிர்த்துப் பேசினால் விலகிவிடுங்கள். குடி வாசம் அடித்தால் பேச்சே வேண்டாம்.

### ஒருபோதும் செய்யக்கூடாதவை

வண்டிக்குக் குறுக்கே நிற்காதீர்கள். மணலில் பிரேக் ரோட்டைப்போல் பிடிக்காது, வண்டி வழுக்கிக்கொண்டே வரும். கல் எறியாதீர்கள். சாவியைப் பிடுங்காதீர்கள், அந்த அதிகாரம் காவலருக்குத்தான். டயரைக் குத்தாதீர்கள், அது உங்கள் மேல் சொத்துச் சேத வழக்காகத் திரும்பும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. கயிறோ கம்பியோ குறுக்கே கட்டுவது, ஆணிப்பலகை புதைப்பது, குழி வெட்டி மூடி வைப்பது இவை கூடவே கூடாது. இரவில் அந்தக் கம்பி பைக்கில் வருபவனின் கழுத்துக்கு நேராக இருக்கும். அதில் சாவது உங்கள் பக்கத்து வீட்டுப் பையனாகவோ, கடலுக்குப் போக விடியற்காலையில் மணலில் இறங்கும் உங்கள் அண்ணனாகவோ இருக்கலாம். எந்தக் கோபத்துக்கும் இது பதில் ஆகாது. ஊர்க் கூட்டத்தில் யாராவது இந்த யோசனையைச் சொன்னால் அங்கேயே உரக்க மறுத்துவிடுங்கள்.

### வண்டி மணலில் புதைந்துவிட்டால்

இது நடக்கக்கூடியதுதான். டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்துவிட்டு ஐந்நூறோ ஆயிரமோ வாங்குவது எளிது. ஆனால் அதற்கு முன் எண்ணைக் குறித்து, படம் எடுத்து, காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். மன்னார் வளைகுடாவில் நீர்மட்ட ஏற்றம் சிறிதுதான் என்றாலும், அலை சக்கரத்தடி மணலை அரித்து வண்டியைச் சாய்த்துவிடும். உள்ளே ஆள் இருந்தால் முதலில் ஆளை இறக்குங்கள். இழுக்கும்போது நைந்த நங்கூரக் கயிறு வேண்டவே வேண்டாம். முறுக்கேறிய கயிறு அறுந்தால் சாட்டையாய் அடிக்கும். வண்டியில் இழுப்பதற்கென்றே உள்ள கொக்கியில் மட்டும் மாட்டி, கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தொலைவுக்கு எல்லோரையும் விலக்கிவிட்டு இழுங்கள்.

## நான்காம் படி: எழுத்துப் புகார்

போன் அழைப்பு அந்த நேரத்துக்கு மட்டும் உதவும். வழக்குக்குக் காகிதம் வேண்டும். ஒரே சம்பவத்துக்கு ஒரே மனு. பத்து மாதக் கதையை ஒரே மனுவில் கொட்டினால் எதையும் விசாரிக்க முடியாது. மாதிரி இதோ:

> அனுப்புநர்: (பெயர், முகவரி, போன் எண்)
> பெறுநர்: காவல் ஆய்வாளர், குலசேகரன்பட்டினம் காவல் நிலையம்
> பொருள்: மணப்பாடு கடற்கரையில் ஆபத்தாக வாகனம் ஓட்டியது குறித்து
> ஐயா, (தேதி) அன்று மாலை (நேரம்) மணிக்கு மணப்பாடு (இடம்) அருகே (பதிவெண், நிறம், வகை) வாகனம் மணலில் அதிவேகமாக ஓட்டப்பட்டது. அப்போது அருகில் (யார், எத்தனை பேர்) இருந்தனர். (சேதம் இருந்தால் விவரம்.) நேரில் பார்த்தவர்கள்: (பெயர்கள்). வீடியோ நகல் பென்டிரைவில் இணைத்துள்ளேன், மூலப் பதிவு என்னிடம் உள்ளது. உரிய நடவடிக்கை எடுக்கவும், மனு ஏற்புக்கான சி.எஸ்.ஆர். ரசீது வழங்கவும் வேண்டுகிறேன்.

மனுவைக் கொடுத்துவிட்டுச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகல் உங்களுக்கு இலவசம். கைது செய்யத்தக்க குற்றம் என்று நீங்கள் கருதியும் பதிய மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)இன்படி மனுவின் சாரத்தைத் தூத்துக்குடி மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் குறைதீர்க்கும் நாள் உண்டு. வீட்டிலிருந்தே சொல்ல முதல்வர் உதவி மைய எண் 1100.

புகார் ஒருவர் பெயரில் மட்டும் போவது நல்லதல்ல. மிரட்டலும் அந்த ஒருவருக்கே வரும். ஊர்க் கமிட்டியின் சார்பில், பங்குத்தந்தை, மீனவர் சங்கப் பொறுப்பாளர், மகளிர் குழுத் தலைவி இவர்களும் கையெழுத்துப் போட்டால் பாரம் பரவும்.

காவலர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதும் முக்கியம். செப்டம்பரில் திருச்சிலுவைத் திருவிழா, அதன் பின்னாலேயே குலசை முத்தாரம்மன் தசரா. இரண்டுக்கும் கூட்டத்தைக் காக்க வேண்டியது அதே நிலையம். ‘எதையும் செய்ய மாட்டேங்கிறாங்க’ என்று தொடங்கும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நோட்டைக் காட்டி, “சார், இந்த ரெண்டு மணி நேரம் மட்டும் ரோந்து வந்தா போதும்” என்று கேளுங்கள். செய்யக்கூடியதைக் கேட்டால் செய்வார்கள்.

பிரிட்டனில் 2002ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, பிறருக்குத் தொல்லை தரும்படி ஓட்டுபவரை முதலில் எச்சரித்து, மறுபடி செய்தால் வண்டியைப் பறிமுதல் செய்யக் காவலருக்கு அதிகாரம் தருகிறது. நம்மிடம் அப்படி ஒரே பிரிவு இல்லை. ஆனால் அந்த முறையை இங்கும் கேட்கலாம். முதல்முறை மாட்டியவரின் பெயரும் எண்ணும் நிலையத்தில் எழுதி வைக்கப்பட்டால், இரண்டாம் முறை 184உம் 189உம் கடுமையாகப் பாயும். இரண்டாவது புகாரில் முதல் சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

## ஐந்தாம் படி: வாயை அடைப்பது

எல்லாப் படிகளிலும் நீடித்த பலன் தருவது இதுதான். வழக்கு ஒரு வண்டியை நிறுத்தும், கல்தூண் எல்லா ஜீப்பையும் நிறுத்தும்.

1. கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் எந்த வாய், எத்தனை தூண், எந்த வண்டிகளுக்கு விலக்கு என்று தெளிவாக எழுதுங்கள்.
2. இடம் யாருடையது என்று பாருங்கள். ஊராட்சி, நெடுஞ்சாலைத் துறை, புறம்போக்கு, ஆலய நிலம் என ஒவ்வொரு வாய்க்கும் அனுமதி தருபவர் வேறு. கரையோரக் கட்டுமானத்துக்குக் கடலோர மண்டல விதியும் உண்டு என்பதால் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டே கை வையுங்கள். நீங்களாகக் கல் நட்டால் ஆக்கிரமிப்பு என்பார்கள்.
3. தூண்களுக்கு நடுவே 1.2 மீட்டர் விடுங்கள். ஜீப்பின் அகலம் சுமார் 1.8 மீட்டர் என்பதால் நுழையாது. சக்கர நாற்காலியும் மீன்கூடை சுமப்பவரும் தாராளமாகப் போகலாம்.
4. ஒரு தூண் மட்டும் பூட்டுப் போட்டுக் கழற்றும்படி இருக்கட்டும். சாவி இரண்டு பேரிடம். படகு இழுக்கும் டிராக்டரும் 108 வண்டியும் அந்த வழியில் போகும்.
5. எல்லாத் தூணிலும் ஒளி திருப்பும் பட்டை ஒட்டுங்கள். இருட்டில் தூணில் மோதி ஒருவர் விழுந்தால் பழி ஊருக்கு.

பைக் இதற்குள்ளும் புகுந்துவிடும். வளைந்து வளைந்து போகும்படி கம்பித் தடுப்பு வைத்தால் வேகம் குறையும், முழுதாக நிற்காது. சக்கர நாற்காலியை மறித்துப் பைக்கை நிறுத்துவது நியாயமல்ல. ஆகவே பைக்குக்கு நோட்டும் ரோந்தும்தான் வழி.

பலகையும் வையுங்கள். ‘வாகனங்கள் தடை’ என்று மட்டும் எழுதினால் போதாது. வண்டி நிறுத்தும் இடம் எங்கே என்று அம்புக்குறியோடு காட்டுங்கள். வெளியூரிலிருந்து வருபவர்களில் பலர் தெரியாமல் இறங்குபவர்கள். அவர்களுக்கு நிறுத்த இடம் காட்டினால் பிரச்சினையில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

திருவிழா, நீண்ட விடுமுறை போன்ற நாட்களில் கூட்டம் மிகும் என்றால், திருச்செந்தூர் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 163இன்கீழ் தற்காலிகத் தடையுத்தரவு கேட்கலாம். அது இரண்டு மாதம் வரை செல்லும். தொல்லை நிரந்தரமானால் அதை நீக்க உத்தரவு கேட்டு அதே அலுவலரிடம் அதே சட்டத்தின் 152இன்கீழ் மனு போடலாம்.

## ஆறாம் படி: நம் பிள்ளைகள்

இதுதான் எல்லா ஊரிலும் தயக்கம் வரும் இடம். வெளியூர் ஜீப்பைப் பற்றிப் பேசக் கூட்டம் சேரும். சைலன்சரைக் கழற்றிய பைக் ஊர்க்காரர் மகனுடையது என்றால் எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். உள்ளூர்ப் பையனுக்கு ஒரு சட்டம், வெளியூர்க்காரனுக்கு ஒரு சட்டம் என்று நடந்தால் காவல் நிலையத்தில் உங்கள் நோட்டுக்கு மதிப்பு இருக்காது.

முதலில் வீட்டுக்குப் போங்கள், ஸ்டேஷனுக்கு அல்ல. பையனின் தகப்பனாரிடம் சித்தப்பா, மாமா முறையுள்ள ஒருவர் தனியே பேசட்டும். தெருவில் வைத்துக் கேட்டால் மானப் பிரச்சினையாகிவிடும். பேசும்போது மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ என்ன சொல்கிறது என்று விளக்குங்கள். சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படும், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. வெளிநாட்டுக் கப்பலிலோ துறைமுகத்திலோ வேலைக்குப் போகும் கனவோடு இருக்கும் குடும்பத்துக்கு ஒரு போலீஸ் வழக்கு என்னவாகும் என்று சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

வயது வந்தவர்களுக்கும் பாடம் உண்டு. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்த ஒரு யூடியூபரின் ஓட்டுநர் உரிமத்தைப் போக்குவரத்துத் துறை 10 ஆண்டுக்கு ரத்து செய்தது. லட்சக்கணக்கான ரசிகர்கள் இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை.

சொல்லியும் கேட்காதவர் பெயர் நோட்டில் ஏறட்டும். அதில் விதிவிலக்கு வேண்டாம். அதே சமயம் அந்தப் பையன்களைக் கரைக் காவலுக்குச் சேர்க்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. எந்த வண்டி எந்த வாயில் இறங்கும் என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

## ஏழாம் படி: ஆமைக் காலம்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தமிழகக் கடற்கரையில் பங்குனி ஆமை கரையேறும் காலம். இரவில் வந்து, ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுப் போகும். குஞ்சு வர 45 முதல் 60 நாள் ஆகும். மேலே வண்டி ஓடினால் மணல் இறுகிக் குஞ்சு ஏற முடியாது. ஏறினாலும் சக்கரத் தடத்தின் பள்ளத்துக்குள் விழுந்து, கடலுக்குப் போகும் வழி தெரியாமல் அதற்குள்ளேயே ஊர்ந்து கிடக்கும். நண்டும் காகமும் நாயும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

சட்டம் இங்கே மிகக் கடுமையானது. பங்குனி ஆமை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அச்சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். முதல் அட்டவணை உயிருக்கு மூன்று முதல் ஏழாண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

1. ஆமைத் தடம் கண்டால் முட்டையைத் தோண்டிப் பார்க்காதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.
2. இரவில் கரையில் நடந்தால் வெள்ளை டார்ச் வேண்டாம், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் போதும். போன் வெளிச்சமும் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும்.
3. சக்கரத் தடம் கண்டால் காலையில் படம் எடுத்தபின், ஆமைக்குழி எதுவும் அருகில் இல்லை என்று உறுதி செய்து, கையால் நிரவி விடுங்கள்.
4. இக்காலத்தில் வண்டிப் புகாரின் நகல் ஒன்றை வனச்சரக அலுவலருக்கும் அனுப்புங்கள். போலீஸ் நிலையத்தில் அபராதத்தோடு முடியும் விவகாரம், வனத்துறையில் வேறு கனம் பெறும்.

கரையை விட்டு உள்ளே குதிரைமொழித் தேரிப் பக்கம் செம்மணலில் வண்டி ஓடினால், அது காப்புக்காடு. அங்கே நீங்கள் போக வேண்டாம், எண்ணை மட்டும் குறித்து வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

## நடவடிக்கை நகரவில்லை என்றால்

ஒரு மாதம் கழிந்தும் பதில் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள்: இந்த சி.எஸ்.ஆர். எண்ணின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்வி ஒரு வரியில் இருக்கட்டும், குற்றச்சாட்டு அதில் வேண்டாம். மணல்மேடு வெட்டப்பட்டிருந்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவுக்கு வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு மனு அனுப்புங்கள். பழைய படம் இல்லை என்றால் ஆலயத் திருவிழாப் படங்களைத் தேடுங்கள். மணப்பாட்டில் குன்றும் மேடும் பின்னணியில் விழாத திருவிழாப் படம் அரிது.

ஆமை டிசம்பரில் கரையேறும். தூண் நடுவதற்கு அனுமதி கிடைத்து வேலை முடியச் சில மாதமாவது பிடிக்கும். ஆகவே அடுத்து வரும் கிராமசபைக்கான தீர்மான வரைவை இந்த வாரமே எழுதி, ஐந்து குடும்பத்தாரின் கையெழுத்து வாங்கி, ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.